கைமாறிய கயிறு

பெனிட்டோ நீட்டிய கயிற்றைப் பரத் வாங்கினான். இரண்டு நிமிடம் போல அதைக் கையில் வைத்துப் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்ற லட்சுமணனிடம் கொடுத்துவிட்டான். நடந்தது இவ்வளவுதான். தங்கை நிஷாவைக் கேட்டு வந்தவனிடம் அந்த இரண்டு நிமிடத்தில் 'இல்லை' என்று சொல்லிவிட்டோம் என்பது அவனுக்குத் தெரிய ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் நிஷாவுக்கு வேறு இடத்தில் பத்திரிகை அடித்தாகிவிட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடிக் கிடக்கும் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் பின்சுவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு மலை. முப்பத்தைந்து அடி உயரம். செங்கல் இடுக்குகளில் மரக்கட்டைகளை அறைந்து பிடிமானம் செய்திருந்தார்கள். உச்சியில் ஒரு இரும்புக் குழாய். கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவன் ஏறுவான். குழாயைச் சுற்றி இறங்கும் மறுமுனையைக் கீழே ஒருவன் தன் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருப்பான். ஏறுகிறவன் தவறினால் பிடிக்கிறவன் தாங்க வேண்டும். மலையேற்றக் குழு என்று பெயர் பெரிதாக இருந்தாலும் மொத்தமே ஒன்பது பேர்தான். பெனிட்டோ முகப்பேர் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். லட்சுமணன் டெம்போ ஓட்டுகிறவன். பரத் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். அப்பா இறந்தபோது பாதியில் விட்ட டிப்ளமோவை இருபத்தேழு வயதில் மாலை வகுப்பில் மறுபடி தொடங்கியிருந்தான்.

பரத்திடம் ஒரு நோட்டு உண்டு. யார் ஏறினார்கள், யார் பிடித்தார்கள், என்ன முடிச்சு என்று ஒவ்வொரு ஞாயிறும் எழுதுவான். கடைசியில் 'தவறு' என்று ஒரு பத்தி இருக்கும். அதில் முக்கால்வாசி அவன் தவறுகள்தான். டிசம்பரில் ஒரு நாள் கார்த்திகேசனுக்காக அவன் பிடித்திருந்தபோது கயிறு கைக்குள் இரண்டடி வழுக்கிவிட்டது. கார்த்திகேசனின் முட்டி சுவரில் இடித்துத் தோல் உரிந்தது, அவ்வளவுதான். கார்த்திகேசனே சிரித்துவிட்டுப் போய்விட்டான். பரத் மட்டும் 'என் கையை நம்ப முடியாது' என்று எழுதி அடிக்கோடும் போட்டான். அதற்குப் பிறகு அவன் ஏறுவான், முடிச்சுகளைச் சரிபார்ப்பான், நோட்டில் எழுதுவான். பிடிக்க மட்டும் மாட்டான்.

பொங்கல் விடுமுறையில் குழு ஆம்பூர் தாண்டி மலைமேல் புலிக்கரடு என்ற சிற்றூருக்குப் போய் மூன்று நாள் தங்கியது. பாறைத்தேன் எடுக்கிறவர்களின் ஊர். தேன் காலத்துக்கு முன்னால் கயிறு திரிக்கும் நாட்கள் அவை. சின்னப்பையன் என்பவர்தான் இவர்களோடு கூட வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், பேச்சில் கிண்டல் அதிகம். ஆத்திமரப் பட்டையை ஓடையில் ஊறப்போட்டு, அடித்து, நாரைப் பிரித்துத் தொடையில் வைத்து அவர் உருட்டியதைப் பெனிட்டோ வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். நாள் முழுவதும் லிஃப்ட்டின் இரும்புக் கயிற்றோடு பழகுகிறவனுக்கு அது வேறு உலகமாக இருந்தது. பரத் எழுதிக்கொண்டிருந்தான். எத்தனை நாள் ஊற வேண்டும், எத்தனை புரி, எந்தப் பக்கம் முறுக்கு, ஈரத்தில் எவ்வளவு நீளும்.

"பாறையில எறங்குறவனுக்கு மேல யாரு கயிறு புடிக்கிறது?" என்று பெனிட்டோ கேட்டான்.

"பொண்டாட்டிகூடப் பொறந்தவன்தான் புடிக்கணும். வேற யாரும் தொடக்கூடாது" என்றார் சின்னப்பையன்.

அதையும் பரத் எழுதினான். அப்போது ஓடைப் பக்கமிருந்து சின்னப்பையனின் மனைவி, ஊறிய பட்டையை எடுக்கப் போகிறோம், பார்க்கிறவர்கள் வரலாம் என்று குரல் கொடுத்தார். பரத் நோட்டோடு ஓடினான். அவன் முதுகுக்குப் பின்னால் பேச்சு தொடர்ந்தது.

பெனிட்டோ ஒரு மூட்டை நாரோடு ஊர் திரும்பினான். பூந்தமல்லியில் தன் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு மாதத்துக்கு மேல் திரித்து, எண்பது அடிக் கயிறு செய்தான். இரண்டு சிமெண்ட் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டும் பார்த்தான். பிப்ரவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவருக்கு வந்தான்.

அன்றைக்கு நிஷாவும் வந்திருந்தாள். முகப்பேரில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்கவே மாட்டாள். "சும்மா பாக்கத்தான்" என்று சொல்லிப் பச்சைச் சுடிதாரும் பூவுமாக, எலுமிச்சை சாத டப்பாவோடு மதில் ஓரமாக நின்றாள். அவளுக்கும் பெனிட்டோவுக்கும் ஒரு வருடமாகப் பழக்கம் என்பது பரத்துக்குத் தெரியாது. அவனை அழைத்துப்போக வீட்டுக்கு வருகிற பெனிட்டோ ஏன் எப்போதும் அரைமணி முன்னாலேயே வருகிறான் என்று அவன் யோசித்ததும் இல்லை.

"பரத்து, இன்னிக்கு நீ புடி" என்றான் பெனிட்டோ.

"நானா? லட்சுமணன் கீறான் இல்ல?"

"நீதான் புடிக்கணும்."

"இன்னா மாமே, உசுர் மேல ஆசை வுட்டுப்போச்சா?" என்றான் லட்சுமணன். "எதுக்கும் கார்த்திகேசன் முட்டிய ஒரு வார்த்த கேட்டுக்க!"

எல்லோரும் சிரித்தார்கள். பெனிட்டோ சிரிக்கவில்லை. மதில் ஓரத்தில் நிஷாவும் சிரிக்கவில்லை. அதைப் பரத் பார்த்தான். பார்த்ததைப் பற்றி அவன் ஒன்றும் நினைக்கவில்லை.

தொழிற்சாலையில் உதிரிபாகத்தைப் பார்ப்பதுபோல அவன் கயிற்றைச் சாண் சாணாகப் பார்த்தான். புகையும் பச்சைப் பட்டையும் கலந்த வாசனை அடித்தது. புரி எங்கும் தளரவில்லை. கயிற்றில் குறை இல்லை என்றால் பிறகு குறை இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றியது. தன் உள்ளங்கையைப் பார்த்தான், வியர்த்திருந்தது. முப்பத்தைந்து அடியை நிமிர்ந்து பார்த்தான். கிறிஸ்துமஸ் தோறும் கேக் கொடுத்தனுப்புகிற பெனிட்டோவின் அம்மா சாராள் நினைவுக்கு வந்தார். இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

"எனக்கு வேணாம்பா. இவன் புடிக்கட்டும்" என்று சொல்லி லட்சுமணன் கையில் கயிற்றைக் கொடுத்தான்.

பெனிட்டோ மதில் ஓரத்தை ஒரு முறை பார்த்தான். "சரி" என்றான். ஏறினான், இறங்கினான். கயிற்றைச் சுருட்டி அங்கிருந்த சாமான் அறையில் வைத்துவிட்டு, அவசர வேலை என்று கிளம்பினான். நிஷா தலைவலி என்று சொல்லி ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். எலுமிச்சை சாதத்தை லட்சுமணனும் மற்றவர்களும் தின்றுதீர்த்தார்கள்.

அன்று மாலை பரத் நோட்டில் இப்படி எழுதினான்: 'பெனிட்டோவின் கயிறு மிக நன்று. லட்சுமணன் நன்றாகப் பிடித்தான். நான் பிடிக்காமல் இருந்தது சரியான முடிவு.' அன்றைய 'தவறு' பத்தியில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு பெனிட்டோ சுவர்ப் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி என்றான். போனில் பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் நீளவில்லை. தன்மேல் என்ன கோபமோ என்று பரத் யோசித்துப் பார்த்துப் பதினோரு காரணங்களை எழுதினான். கயிறு அதில் இல்லை.

மே மாதம் வேப்பம்பட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் வெற்றிச்செல்வன், பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியர். அம்மா வனஜாவுக்கு உடனே பிடித்துவிட்டது.

"உனக்குப் புடிச்சிருக்காம்மா?" என்று பரத் நிஷாவிடம் கேட்டான்.

"உனக்குப் புடிச்சிருக்கா?"

"நல்ல மாதிரியாத்தான் தெரியறாரு."

"அப்ப சரிண்ணா" என்றாள்.

ஜூலைக் கடைசியில் பத்திரிகை வந்தது. ஆவணி முதல் முகூர்த்தம். முதல் பத்திரிகையைச் சாமி படத்தடியில் வைத்தார்கள். இரண்டாவதைப் பெனிட்டோவுக்கு என்று பரத் எடுத்துவைத்தான். என்ன கோபமாக இருந்தாலும் நேரில் போய்க் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நம்பினான். சனிக்கிழமை மத்தியானம் வீடு இருக்கும் கள்ளிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் பூந்தமல்லிக்குப் போனான்.

வாசல் அறையில் பெனிட்டோவின் அக்கா ஹெலினா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் கால் நின்றது.

"பெனிட்டோ கீறானாக்கா?"

"டியூட்டி. இப்பல்லாம் அவனுக்கு சனி ஏது, ஞாயிறு ஏது."

"நிஷாவுக்குக் கல்யாணம். அவன்தான் மொத ஆளா வந்து நிக்கணும். அதான் நானே எடுத்துகினு..."

மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினான். ஹெலினா கையை நீட்டவில்லை.

"உங்களுக்கு நெஞ்சுல இன்னா, கல்லா வெச்சிகீது?" என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. "வேணாம்னா வேணாம். நாங்க வேதக்காரங்க, உங்களுக்கு ஒத்துக்கல. பரவால்ல, அது உங்க ஊட்டு விசயம். நாங்க ஒரு வார்த்த கேட்டமா? ஆனா கயித்த கைமாத்தி வுட்டவரு, அதே கையில பத்திரிகைய எடுத்துகினு வரலாமா?"

"எந்தக் கயிறு?"

"நடிக்காதீங்க."

"சத்தியமா புரியலக்கா. எந்தக் கயிறு?"

ஹெலினா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மிஷினைவிட்டு எழுந்தாள். "மாதாவே" என்று வாய்க்குள் சொன்னாள். "உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

நின்றபடியே சொன்னாள். பொண்டாட்டிகூடப் பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும், சரி, கல்யாணம் ஆகாதவன் என்ன செய்வான் என்று புலிக்கரட்டில் பெனிட்டோ கேட்டானாம். அவன் எந்த வீட்டில் பெண் கேட்க நினைக்கிறானோ அந்த வீட்டுப் பையனிடம் கயிற்றை நீட்டுவான் என்றாராம் சின்னப்பையன். பிடித்தால் பெண் கொடுத்த மாதிரி. பக்கத்தில் இருப்பவன் கைக்கு மாற்றிவிட்டால் இல்லை என்று அர்த்தம். சண்டை கிடையாது, வருத்தம் சொல்லக் கூடாது. அதைப் பற்றி இரண்டு வீட்டிலும் அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கவும் கூடாது. அப்படித் திறக்காமல் இருப்பதால்தான் மறுநாள் ஒரே பாறைக்கு எல்லோரும் சேர்ந்து போக முடிகிறது.

"நீங்க அத நோட்ல எழுதிகினீங்களாம். என் கண்ணால பாத்தேன்கா, அவனுக்கு எல்லாம் தெரியும்கான்னான். தெரிஞ்சேதான் மாத்திக் குடுத்தீங்கன்னு அஞ்சு மாசமா அவன்..." ஹெலினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பத்திரிகையோடுதான் பரத் திரும்பி வந்தான். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தான். வீட்டுக்கு வந்து ஜனவரிப் பக்கத்தைப் புரட்டினான். பட்டை ஊற ஏழு நாள். மூன்று புரி. வலப்பக்க முறுக்கு. அதற்குக் கீழே அவன் கையெழுத்திலேயே இருந்தது: 'கயிறு பிடிப்பவர்: மனைவியின் உடன்பிறந்தவர் மட்டும். காரணம் – கேட்க வேண்டும்.'

கேட்கவில்லை.

நிஷா மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கியிருந்தது. பரத் பின்னால் போய் நின்றான்.

"நிஷா, பெனிட்டோ அன்னிக்கு நீட்டுன கயிறு..."

"அத பேசக் கூடாதுண்ணா" என்றாள் திரும்பாமல்.

"எனக்குத் தெரியாதும்மா."

அவள் திரும்பினாள். அவன் நோட்டை நீட்டினான். அந்த வரியை அவள் விரல் வைத்துப் படித்தாள், தன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி. படித்து முடித்த பிறகும் விரல் அங்கேயே இருந்தது.

"எத்தன நாள் ஊறணும், எத்தன புரின்னு எல்லாம் கேட்டு எழுதிட்ட" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "இத மட்டும் வுட்டுட்டியாண்ணா?"

"எங்கிட்ட நேரா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா நீ சரின்னுருப்ப. வயிறு எரிஞ்சாலும் சரின்னுதான் சொல்லுவ. அப்பா போனப்ப, படிப்ப வுட்டுட்டு வேலைக்குப் போடான்னு மாமா சொன்னாரு. சரின்ன. நான் காலேஜ் சேரணும்னேன். சரின்ன. எனக்கோசரம் நீ இன்னும் ஒரு சரி சொல்ல வேணாம்னு பாத்தேன். உனக்குப் புடிக்கலன்னா வேணாம்னு சொல்ல ஒரு வழி இருக்கட்டும்னு நாந்தான் பெனிட்டோகிட்ட சொன்னேன், வாயால கேக்காத, கயித்த நீட்டுன்னு." மூச்சு வாங்கினாள். "வாழ்க்கையில மொத தடவ எனக்கு வேணாம்னு நீ சொல்லி அன்னிக்குத்தான் கேட்டேன். அழுதேன். ஆனா ஒரு பக்கம், பரவால்ல, அண்ணன் மனசுல இருக்கிறத சொல்லிட்டாரேன்னும் இருந்துச்சு."

"அவன் வுழுந்துடக் கூடாதுன்னுதாம்மா குடுத்தேன். என் கை மேல நம்பிக்க இல்லாமத்தான்."

"இப்பத் தெரியுது."

"நிறுத்திடலாம். நாளைக்கே வேப்பம்பட்டு போய்ப் பேசுறேன். கால்ல வேணாலும் வுழுறேன்."

நிஷா கொடியிலிருந்து அவனுடைய கம்பெனிச் சட்டையை எடுத்தாள். "அவரு இன்னாண்ணா பண்ணாரு? ஸ்கூல் வேலைய வுட வேணாம், வேப்பம்பட்டுல எத்தன மணிக்கு ரயில் ஏறுனா நேரத்துக்குப் போவலாம்னு எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்னு நேத்து போன் பண்றாரு. உன்ன மாதிரியே எழுதறவரு. அவங்கம்மா மாடியில எனக்கோசரம் ரூம் எடுக்கறாங்க. சொந்தபந்தம் பூராவுக்கும் தேதி சொல்லியாச்சு. அந்த மனுசங்கிட்ட போயி இன்னா சொல்லுவ, கயிறு கைமாறிப்போச்சுன்னா?"

"அப்ப பெனிட்டோ?"

அந்தப் பெயருக்கு அவள் கண் மூடித் திறந்தது. சட்டையின் கைகளை உள்ளே மடித்தாள். காலரை நீவினாள்.

"அஞ்சு மாசமாச்சுண்ணா எனக்கு, சாப்புட்டா சோறு உள்ள எறங்கறதுக்கு. இன்னொருத்தருக்கு அத நான் குடுக்க மாட்டேன்" என்றாள். பிறகு, சட்டையை அவன் கையில் வைத்து, "உம்மேல எனக்குக் கோவம் இல்ல. கோவம் வந்தாக்கூட நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். பாதித் துணி கொடியிலேயே கிடந்தது. மிச்சத்தைப் பரத் எடுத்து மடித்தான். எதுவும் சரியாக மடியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெனிட்டோ சுவருக்கு வந்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, சாமான்களை எடுத்துப்போக வந்தேன் என்று பொதுவாகச் சொன்னான். இளைத்திருந்தான். சாமான் அறையிலிருந்து தன் நார்க்கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன், பரத்தின் எதிரில் நின்றான்.

"ஹெலினாக்கா சொல்லிச்சு" என்றான்.

பரத் தலையை ஆட்டினான்.

"நிஷாகிட்ட பேசுனியா?"

"பேசுனேன்."

"இன்னா சொல்லிச்சு?"

நிஷா சொன்ன ஒவ்வொரு சொல்லும் பரத்துக்கு நினைவில் இருந்தது, வரிசை மாறாமல். ஒன்றைக்கூட இவனிடம் எடுத்து நீட்ட முடியவில்லை. தலையை மட்டும் இல்லை என்று அசைத்தான். பெனிட்டோ புரிந்துகொண்டான். மேலே அந்த இரும்புக் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அது அப்படித்தான் சொல்லும்" என்றான். "மாத்தி சொல்லியிருந்தா அது நிஷாவே இல்ல."

கயிற்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பினான்.

"பெனிட்டோ" என்றான் பரத். "நான் புடிக்கிறேன். ஒரு தடவ ஏறு."

லட்சுமணன் அருகில்தான் இருந்தான். வழக்கமாக வரவேண்டிய கிண்டல் அவனிடமிருந்து வரவில்லை. இப்போது பிடிப்பதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். பெனிட்டோ கயிற்றைத் தோளிலிருந்து இறக்கி, ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினான். கார்த்திகேசன் சுவரின் பின்பக்க ஏணியில் ஏறிக் கயிற்றைக் குழாய்க்கு மேல் போட்டான். மறுமுனையைப் பெனிட்டோ தன் கையாலேயே எடுத்துப் பரத்திடம் நீட்டினான்.

பரத் வாங்கி இடுப்பைச் சுற்றிக்கொண்டான். கை வியர்த்தது. வியர்த்தால் வியர்க்கட்டும் என்று இறுக்கினான்.

பெனிட்டோ அவசரமில்லாமல் ஏறினான். கயிறு தளரும் ஒவ்வொரு சாணையும் பரத் இழுத்து வாங்கினான். உச்சியில் கடைசிக் கட்டையைத் தொட்டதும் வழக்கமாக 'எறக்கு' என்று குரல் வரும். இன்றைக்கு வரவில்லை. பெனிட்டோ கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவன் எடை முழுவதும் கயிற்றில் இறங்கியது. முன்னால் இரண்டடி இழுபட்டுப் பரத் கால் ஊன்றி நின்றான். கயிறு வழுக்கவில்லை. மேலே பெனிட்டோ நெற்றியைச் செங்கல்லில் வைத்துக்கொண்டு அப்படியே தொங்கினான். முகம் தெரியவில்லை. தோள் குலுங்குவதும் கீழேயிருந்து தெரியவில்லை. ஆனால் கயிற்றின் வழியாக அந்தக் குலுக்கல் இறங்கிவந்து பரத்தின் உள்ளங்கையில் விட்டுவிட்டு அடித்தது.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பத்தாகவும் இருக்கலாம். நார் தோலை அறுத்தது. முழங்கை நடுங்கத் தொடங்கியது.

லட்சுமணன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கையை நீட்டினான். "குடு மாமே. கொஞ்ச நேரம் நான் புடிக்கிறேன்."

"வேணாம்" என்றான் பரத்.